ஜில்லெட் கோட்டை: ஒரு நடிகர் கட்டிய விசித்திர வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், அதே பெயருள்ள ஆற்றின் கிழக்குக் கரைக் குன்றின்மேல் ஒரு கல் வீடு இருக்கிறது. பெயர் ஜில்லெட் கோட்டை. அந்தப் பக்கம் போகிறேன் என்று யார் சொன்னாலும் இதைப் பார்க்காமல் வராதீர்கள் என்று நச்சரிப்பது என் வழக்கம். நச்சரித்த கையோடு கேள்விகளும் வந்துவிடும். மூன்று முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் கதையையும் சேர்த்துப் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இது உண்மையான கோட்டைதானா?

இல்லை. எந்த அரசனும் இங்கே இருந்ததில்லை, எந்தப் படையும் இதை முற்றுகையிட்டதில்லை. வில்லியம் ஜில்லெட் என்ற நாடக நடிகர் தான் குடியிருப்பதற்காக 1914-ல் தொடங்கி 1919-ல் முடித்த வீடு இது. 24 அறைகள். அவர் இதைக் கோட்டை என்று அழைக்கவும் இல்லை. ஆற்றை ஒட்டி வரிசையாக நிற்கும் ஏழு குன்றுகளுக்கு ‘ஏழு சகோதரிகள்’ என்று பெயர். அவற்றில் கடைசிக் குன்றில் கட்டியதால் வீட்டுக்கு ‘ஏழாவது சகோதரி’ என்று பெயர் வைத்தார். 1943-ல் மாநில அரசு வாங்கிய பிறகு வந்ததுதான் ‘ஜில்லெட் கோட்டை’ என்ற பெயர்.

ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது கோட்டை என்றுதான் சொல்லத் தோன்றும். அதுவும் பாழடைந்த கோட்டை. செதுக்காத காட்டுக் கற்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முனைகள் துருத்திக்கொண்டிருக்கும்படி விட்டிருக்கிறார்கள். உச்சியில் கூர்கூராகப் பற்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். முதல் பார்வையில் எனக்கு அது பெரிய கறையான் புற்று போல இருந்தது. உடன் வந்த அம்மா கேட்டதுதான் இன்னும் பொருத்தம்: “இது கட்டி முடித்ததா, இடிந்து போனதா?”

இடிந்துபோகும் கட்டடம் அல்ல. கற்களுக்குள்ளே எஃகுச் சட்டம் இருக்கிறது. சுவர் அடியில் நான்கைந்து அடி தடிமன். மேலே போகப்போக இரண்டு மூன்று அடியாக மெலிகிறது. ஆற்றங்கரையில் வந்து இறங்கிய சாமான்களைக் குன்றின் உச்சிக்கு ஏற்றுவதற்கென்றே அந்தரத்தில் ஓடும் கம்பிவடத் தொட்டி ஒன்றை அமைத்திருக்கிறார்கள்.

யார் இந்த ஜில்லெட்? சவரப் பிளேடு ஜில்லெட்டா?

அது வேறு ஆள். பிளேடு நிறுவனத்தைத் தொடங்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட்.

நம்மவர் 1853-ல் இதே மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் பிறந்தவர். தந்தை அமெரிக்க செனட் சபையில் உறுப்பினராக இருந்தவர். அவர்கள் இருந்த பகுதிக்குப் பிற்பாடு குடிவந்த எழுத்தாளர் மார்க் ட்வைன்தான் பையனுக்குத் தொடக்கத்தில் மேடை வாய்ப்புக் கிடைக்க உதவினார். பிறகு ஜில்லெட் தானே நாடகங்கள் எழுதினார், இயக்கினார், நடித்தார். மேடையில் கத்திக் கத்திப் பேசி மார்பில் அடித்துக்கொள்வதுதான் நடிப்பு என்றிருந்த காலத்தில், குரலை உயர்த்தாமல் இயல்பாகப் பேசிப் பெயர் வாங்கியவர்.

1882-ல் மணந்த மனைவி ஹெலன் 1888-ல் குடல்வால் வெடித்து இறந்துபோனார். ஜில்லெட் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லை. இந்த வீட்டைத் தொடங்கும்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனால், இருபத்து நான்கு அறைகளும் ஒரே ஒரு மனிதருக்காக என்பது வேறு மாதிரி உறைக்கும்.

ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு ஹோம்ஸ் சம்பாதித்துக் கொடுத்தது என்று சொல்லலாம்.

ஆர்தர் கோனன் டாயில் தன் துப்பறிவாளரை வைத்து எழுதிய நாடக வரைவு ஒன்று ஜில்லெட்டிடம் வந்தது. அவர் அதைத் திருத்தினார் என்பதைவிடப் புதிதாகவே எழுதினார் என்பது சரி. நாடகத்துக்காக ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று டாயிலுக்குத் தந்தி அடித்தார். கல்யாணம் செய்யுங்கள், கொலை செய்யுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. டாயிலுக்கு அப்போது ஹோம்ஸ்மேல் அவ்வளவு சலிப்பு. எழுதி முடித்த பிரதி 1898-ல் சான் பிரான்சிஸ்கோ விடுதி ஒன்றில் நடந்த தீவிபத்தில் எரிந்துபோக, ஜில்லெட் மறுபடியும் உட்கார்ந்து எழுதினார். 1899-ல் மேடையேறியது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஏறத்தாழ 1,300 முறை ஹோம்ஸாக நடித்தார்.

ஹோம்ஸ் என்றதும் வளைந்த புகைக்குழாய் நினைவுக்கு வருகிறதல்லவா? அது இவரோடு மேடைக்கு வந்தது. நேரான குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு வசனம் பேசுவது கஷ்டம் என்பதால் வளைந்ததை எடுத்தார் என்று சொல்வார்கள். அமெரிக்கப் பத்திரிகையில் ஹோம்ஸ் கதைகளுக்குப் படம் வரைந்த ஃப்ரெடரிக் டார் ஸ்டீல் ஜில்லெட்டின் முகத்தையே பார்த்து வரைந்தார். 1905-ல் லண்டனில் இவருடன் எடுபிடிப் பையன் வேடத்தில் மேடையேறிய பதினாறு வயதுப் பையனின் பெயர் சார்லி சாப்ளின். 1916-ல் எடுத்த ஹோம்ஸ் ஊமைப்படம் தொலைந்தே போய்விட்டது என்று எல்லாரும் கைவிட்டிருந்தார்கள். 2014-ல் பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்துவிட்டது. ஜில்லெட் எப்படி நடித்தார் என்பதை இன்று பார்க்க முடிவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஹோம்ஸ் அருங்காட்சியகம் பார்க்கும் ஆசையோடு போனால் ஏமாற்றம் வரும். இது ஜில்லெட்டின் வீடு. ஹோம்ஸ் இங்கே வந்துபோகும் விருந்தாளி மட்டுமே.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

கதவுகள். இதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன், போய்வந்தவர்களில் பாதிப் பேர் கூரையையும் கணப்பையும் மட்டுமே பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வீட்டுக்குள் 47 கதவுகள். ஒவ்வொன்றுக்கும் மரத்தால் செய்த தாழ்ப்பாள். ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. எல்லாம் ஜில்லெட்டே யோசித்து வரைந்து தச்சர்களிடம் கொடுத்தவை. நாம் பழகிய தாழ்ப்பாளுக்குக் கொண்டியும் நாதாங்கியும் இருக்கும், இழுத்தால் வரும், தள்ளினால் விழும். இவை அப்படிச் சுலபத்தில் பிடிகொடுப்பவை அல்ல. இரண்டாம் முறை போனபோது, வீட்டைக் காட்டுவதற்கு நிற்கும் பணியாளர் ஒருவர் ஒரு கதவை இயக்கிக் காட்டினார். கைப்பிடி போல இருந்த கட்டையை அவர் தொடவே இல்லை. பக்கத்தில் அலங்காரம் என்று நான் நினைத்திருந்த ஒரு முளையை மெல்லச் சாய்த்தார். உள்ளே மரம் மரத்தில் உரசும் சத்தம், பிறகு ‘டொக்’ என்று ஒன்று விழும் சத்தம். கதவு தானாக ஒரு விரற்கடை விலகி நின்றது. அவர் சிரித்தார். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஜில்லெட்டும் விருந்தாளிகள் முன்னால் இப்படித்தான் சிரித்திருப்பார்.

அந்த மரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓக் மரம். உளி பட்ட தடம் அங்கங்கே தெரியும். இயந்திரத்தில் கடைந்த வழவழப்பு இல்லை.

மற்றபடி: மின்விளக்குப் பொத்தான்கள்கூட மரத்தில் செதுக்கியவை, நெம்புகோல் போல மேலும் கீழும் போகும். சாப்பாட்டு மேசை தரையில் பதித்த தண்டவாளத்தில் நகரும். விருந்தாளிகளைச் சுவர்ப் பக்கம் உட்காரவைத்து மேசையைத் தள்ளிவிட்டால் அவர் விடும்வரை எழுந்திருக்க முடியாது. படிப்பறையில் எழுதும் மேசைக்கு முன்னால் இருக்கும் நாற்காலிக்கும் தண்டவாளம். சுவர்களில் பல இடங்களில் ஓலை முடைந்தது போன்ற பாய் ஒட்டியிருக்கும். அது ராஃபியா என்ற பனை வகையின் நார். கல் வீட்டுக்குள் பாய் ஒட்டிய சுவர் எவ்வளவு இதமாக இருக்கிறது என்பது குளிர்நாளில் போனால் தெரியும்.

கண்ணாடி வைத்து விருந்தாளிகளை வேவு பார்த்தாராமே?

உண்மைதான். கூடம் இரண்டு மாடி உயரம். மேலே அவருடைய படுக்கையறைப் பக்கம் மாடம் ஓடுகிறது. அங்கே சாய்வாகப் பதித்த கண்ணாடிகளில், கீழே கூடத்தில் யார் வந்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது தெரியும். கீழே இருப்பவருக்குத் தான் பார்க்கப்படுவது தெரியாது.

‘வேவு’ என்ற சொல்லை வழிகாட்டிப் புத்தகங்கள் விரும்பிப் பயன்படுத்துகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாடகக்காரர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: திரைக்குப் பக்கத்திலிருந்து அரங்கில் எவ்வளவு கூட்டம் என்று எட்டிப் பார்ப்பது நடிகனின் பழக்கம். ஜில்லெட் தன் வீட்டுக் கூடத்தை அரங்காக வைத்துக்கொண்டார். எல்லாரும் வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து, “எங்கே அவரைக் காணோமே” என்று பேச்சு எழும் நேரம் பார்த்து மாடிப் படியில் இறங்கி வருவார். படிக்கட்டு எந்த இடத்தில் வந்து முடிகிறது என்று கவனியுங்கள். எல்லாப் பார்வையும் அங்கேதான் போகும்.

மது அலமாரி வைத்தும் ஒரு விளையாட்டு உண்டு. “நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்” என்று உபசரித்துவிட்டு மேலே போய்விடுவார். அலமாரியின் சூட்சுமத் தாழ் தெரியாமல் விருந்தாளி திண்டாடுவதைக் கண்ணாடியில் பார்த்து ரசிப்பார். எனக்கு இது கொஞ்சம் குரூரமாகவே படுகிறது. அம்மாவுக்கு மட்டும் அளவற்ற சிரிப்பு.

ரயில் இருந்தது என்கிறார்களே, இப்போதும் ஏறலாமா?

ஏற முடியாது. ஆனால் கதை கேட்கத் தக்கது. ஜில்லெட்டுக்கு ரயில் பைத்தியம். தோட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய 3 மைல் நீளத்துக்குக் குறுகிய தண்டவாளம் போட்டு, பாலங்கள், சுரங்கம் எல்லாம் அமைத்து, நிலையத்துக்கு நியூயார்க்கின் பெரிய நிலையத்தின் பெயரையே, ‘கிராண்ட் சென்ட்ரல்’ என்று வைத்தார். ஒன்று நீராவி எஞ்சின், ஒன்று மின் எஞ்சின். அவரே ஓட்டுவார், அதுவும் வேகமாக. இறங்கும்போது பல விருந்தாளிகளின் முகம் வெளிறியிருந்ததாகச் சொல்வார்கள். ஐன்ஸ்டைனும் அமெரிக்க அதிபராக இருந்த கால்வின் கூலிட்ஜும் இதில் ஏறியதாக அங்கே சொல்லக் கேட்கலாம்.

அவர் மறைந்த பிறகு எஞ்சின்களும் பெட்டிகளும் இதே மாநிலத்தின் ‘லேக் காம்பவுன்ஸ்’ கேளிக்கைப் பூங்காவுக்கு விற்கப்பட்டன. பல ஆண்டுகள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓடின. மின் எஞ்சின் இப்போது கோட்டைக்கே திரும்பி வந்து பார்வையாளர் மையத்தில் நிற்கிறது. தண்டவாளம் இருந்த வழிகளில் பல இன்று நடைபாதைகள். கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் கட்டுச்சோறு சாப்பிடலாம்; நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எப்படிப் போவது?

சொந்தக் கார் அல்லது வாடகைக் கார். பஸ்ஸையோ ரயிலையோ நம்பிப் போகும் இடம் அல்ல. ஈஸ்ட் ஹடாம், லைம் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில், காட்டுக்குள் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை என்றால் அதற்கும் மேலே.

ஆனால் வழி என்று கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன்: எதிர்க்கரையில் இருக்கும் செஸ்டர் ஊர்ப் பக்கத்திலிருந்து படகில் வாருங்கள். செஸ்டருக்கும் கோட்டைப் பக்கத்துக் கரையில் உள்ள ஹட்லைமுக்கும் நடுவே 1769 முதல் பரிசல்துறை இருக்கிறது. தொடக்கத்தில் கழி ஊன்றித் தள்ளிய தெப்பம். இப்போது ஓடுவது 1949-ல் கட்டிய ‘செல்டன் 3’ என்ற படகு. எட்டொன்பது கார்கள்தான் பிடிக்கும். ஆற்றைக் கடக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அந்தச் சில நிமிடங்களில் தலைக்குமேலே குன்றின் உச்சியில் கோட்டை கொஞ்சம் கொஞ்சமாக மரங்களுக்கு மேலே எழும்பி வருவது இருக்கிறதே, அதற்காகவே சுற்றிக்கொண்டு வரலாம். ஜில்லெட்டும் இந்த இடத்தை ஆற்றிலிருந்துதான் முதலில் பார்த்தார். ‘ஆன்ட் பாலி’ என்ற தன் பெரிய படகில் வந்துகொண்டிருந்தவர், பரிசல்துறைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார், குன்றின்மேல் ஏறிப் பார்த்தார், வேறு இடத்தில் வீடு கட்டும் யோசனையைக் கைவிட்டார். கோட்டை எழும்பும்வரை குடியிருந்ததும் அந்தப் படகில்தான். 1932-ல் அது தீப்பிடித்து எரிந்தது.

இப்போது என் கதை. முதல் முறை போனது மார்ச் மாதக் கடைசியில். கைபேசி வரைபடம் படகுத்துறைக்கு வழி காட்டியது, நானும் குருட்டு நம்பிக்கையில் போனேன். சாலை ஆற்றில் போய் முடிந்தது. எதிர்க்கரையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கோட்டை. படகு ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரைதான் ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்பியிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பி, ஈஸ்ட் ஹடாம் பாலம் வழியாகச் சுற்றி, அரை மணிக்கும் மேல் ஓட்டி வந்து சேர்ந்தால், வீட்டுக்கும் பூட்டு. அந்தப் பருவத்தில் உள்ளே விடுவதில்லை. குளிரில் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தவறு முழுக்க என்னுடையதுதான்.

அப்படியானால் எந்த மாதத்தில் போகலாம்? கட்டணம் உண்டா?

வீட்டைச் சுற்றியுள்ள 184 ஏக்கர் பூங்கா ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. வீட்டின் உட்புறம் கோடையிலும் இலையுதிர்கால முற்பகுதியிலும்தான். நாட்கள் ஆண்டுக்காண்டு மாறுவதால் மாநிலப் பூங்காத் துறையின் பக்கத்தில் அன்றைக்கு என்ன நிலவரம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்காவுக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. வீட்டுக்குள் போக டிக்கெட் வாங்க வேண்டும். பெரிய தொகை அல்ல.

அக்டோபர் முதல் பாதியில் போக முடிந்தால் போங்கள். இலைகள் நிறம் மாறி, ஆற்றின் இரு கரையும் பற்றி எரிவது போல இருக்கும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

அம்மாவுக்கு எழுபது நெருங்கும் வயது, முட்டி வலி உண்டு. கீழ்த்தளத்தில் சிரமம் இல்லை. மேலே ஏறும் படிகள் கொஞ்சம் நெருக்கம்; ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே நேரத்தில் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். அவர் நிதானமாக ஏறினார், மாடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் கூடத்தைப் பார்த்தார், கீழே நின்ற என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நான் என்ன செய்தேன் என்று அவர் இதுவரை சொல்லவில்லை.

குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஒரே சங்கடம் தாழ்ப்பாள்கள். எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கக் கை பரபரக்கும், தொடக் கூடாது. உள்ளே போகும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். வெளியே வந்ததும் நடைபாதைகளில் ஓடவிட்டால் சரியாகிவிடும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வீட்டுக்கு ஒரு மணி. பூங்காவுக்கு ஒன்றரை மணி. கல் மேடையில் நின்று ஆற்றைப் பார்க்க எவ்வளவு வேண்டுமானாலும். சாப்பாடு கையில் எடுத்துப் போவது உத்தமம்.

ஒரு ஜப்பானியர் அங்கே இருந்தாராமே?

இருந்தார், அவரைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பெயர் யுகிடாகா ஒசாகி. ஜில்லெட்டின் உதவியாளராகப் பல ஆண்டுகள் உடன் இருந்தவர். நாடக ஒப்பனை அறையிலிருந்து இந்த வீட்டு நிர்வாகம்வரை அவர் கைதான். அவருடைய சகோதரர் யுகியோ ஒசாகி டோக்கியோ நகர மேயராக இருந்தவர். வாஷிங்டனில் ஒவ்வொரு வசந்தத்திலும் லட்சக்கணக்கானவர்கள் கூடிப் பார்க்கும் செர்ரி மரங்களை 1912-ல் அமெரிக்காவுக்குக் கொடுத்தது டோக்கியோ மேயரான அந்த யுகியோதான். ஒரு சகோதரர் மாநகரத்தின் தலைவர், இன்னொருவர் கடல் கடந்து ஒரு நடிகரின் உதவியாளர். இந்த இரு வாழ்க்கைகளுக்கும் நடுவில் என்னென்ன இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே படகுத்துறைக்கு இறங்கி வந்தேன்.

வீடு எப்படி அரசுக்கு வந்தது?

ஜில்லெட் 1937 ஏப்ரலில், 83-வது வயதில் இறந்தார். வாரிசு இல்லை. உயிலில் அவர் எழுதிய ஒரு வரி இந்தப் பக்கங்களில் எல்லாம் பிரசித்தம்: தான் எங்கே இருக்கிறோம், தன்னைச் சுற்றி இருப்பது என்ன என்ற உணர்வே இல்லாத எந்த மட்டிக்கும் இந்த இடம் போய்விடக் கூடாது என்ற பொருளில் எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் அவர் போட்ட வசைச்சொல் இதைவிட ருசியானது.

ஆறு ஆண்டுகள் கழித்து மாநிலம் வாங்கியது. 1986-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. நூற்றாண்டின் இறுதியில் கூரையும் கல்லும் ஒழுகத் தொடங்கியதால் மூடி, 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவில் நான்கு ஆண்டுகள் பழுதுபார்த்து, 2002-ல் மறுபடியும் திறந்தார்கள். வீடு கட்ட ஜில்லெட்டுக்கு ஆன செலவு பத்து லட்சம் டாலர். அது அந்தக் காலத்துப் பணம் என்பதை மறக்க வேண்டாம்.

பேய் உண்டா?

எனக்குத் தெரிந்து இல்லை. நாற்பத்தேழு தாழ்ப்பாள்களையும் கற்றுக்கொள்ளும் பொறுமை எந்தப் பேய்க்கும் இருக்காது.

அமெரிக்காவில் இது போன்ற வேறு விசித்திர வீடுகளும் உண்டே, ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?

பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுனில் ஹென்றி மெர்சர் 1908 முதல் 1912 வரை முழுக்கக் கான்கிரீட்டில் வார்த்த ‘ஃபான்ட்ஹில்’ இருக்கிறது: 44 அறைகள், சுவரெல்லாம் ஓடுகள். தீப்பிடிக்காது என்று ஊருக்குக் காட்ட மொட்டை மாடியில் நெருப்பு மூட்டிய மனிதர் அவர். மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் கண்டுபிடிப்பாளர் ஜான் ஹேஸ் ஹாமண்ட் 1920-களின் பிற்பகுதியில் கட்டிய கடற்கரைக் கோட்டை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் மாளிகை இருக்கிறது. அதைப் பார்த்தால் பணம் எவ்வளவு இருந்தது என்பது தெரியும், மனிதர் எப்படிப்பட்டவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

கலை அழகு வேண்டுமென்றால் ஃபான்ட்ஹில். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்காரர் இன்னும் மேல்மாடியில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற குறுகுறுப்பு வேண்டுமென்றால் ஜில்லெட் வீடுதான்.

அதே நாளில் பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

ஈஸ்ட் ஹடாமில் ஆற்றோரமாக வெள்ளை நிறத்தில் உயர்ந்து நிற்கும் குட்ஸ்பீட் நாடக அரங்கு. 1877-ல் திறந்தது, இன்றும் இசை நாடகங்கள் நடக்கின்றன. அதன் பக்கத்தில் உள்ளதுதான் நான் சுற்றிவந்த பாலம். படகுகளுக்கு வழிவிட அச்சில் சுழன்று திறக்கும். திறந்துவிட்டால் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். எதிர்க்கரையில் எஸ்ஸெக்ஸிலிருந்து நீராவி ரயிலும், அதோடு சேர்ந்த ஆற்றுப் படகும் உண்டு. அந்தப் படகிலிருந்து கோட்டை தெரியும். ஹார்ட்ஃபர்டில் மார்க் ட்வைன் வீடு இருக்கிறது, ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

பூனைகள் இருக்கின்றனவா?

இதைக் கேட்பவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர்கள். ஜில்லெட்டிடம் ஒரே சமயத்தில் பதினேழு பூனைகள்வரை இருந்திருக்கின்றன. அவை விளையாடுவதற்கென்றே பொம்மைகள் தொங்கும் ஒரு மேசை செய்துகொடுத்தார். வீடு முழுக்கப் பூனைச் சிலைகளும் பொம்மைகளும் இருக்கின்றன. எண்ணிக்கொண்டே போவது குழந்தைகளுக்கு நல்ல வேலை.

உயிருள்ள பூனை எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்றாம் முறை, வெளியே வரும் வழியில், கல் மேடையின் கைப்பிடிச் சுவரில் வெயில் பட்ட இடத்தில் ஒரு அணில் கால் நீட்டிப் படுத்திருந்தது. பதினேழு பூனைகள் இருந்த காலத்தில் அதற்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.